லூயிஸ் செக்கரின் பத்தாவது ஆள்

லூயிஸ் பஸ்ஸில் ஏறினால் முதலில் டிக்கெட்டைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். காக்கிச் சட்டையும் மையடித்துக் கறுப்பாக்கிய முடியுமாகப் பாதி வழியில் கைகாட்டி ஏறும் அந்த டிக்கெட் செக்கர், ஒவ்வொரு இருக்கையாக நின்று, பயணியின் முகத்தைக் கண் இமைக்காமல் ஆராய்ந்து, நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சை இறக்கி வைத்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். டிக்கெட் எடுக்காதவர்கள் அந்தப் பெருமூச்சு முடிவதற்குள் பின்வாசல் வழியாக இறங்கி நடந்துவிடுவார்கள். பேராக் மாநிலத்தில் ஈப்போவிலிருந்து சுங்காய்க்கும் லூமுட்டுக்கும் ஓடிய அத்தனை பஸ்களிலும் இது தெரிந்த கதை. கம்பெனிக்கு மட்டும் தெரியாது.

காணாமல் போனவர்களைக் கண்டுபிடிப்பதற்காகவே கடவுள் தம்மைப் படைத்து, பிழைப்புக்காகச் செக்கர் வேலையையும் கொடுத்தார் என்பது லூயிஸின் நம்பிக்கை.

இந்த நம்பிக்கை வந்த விதத்தை மட்டும் சிரிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் பிறந்தது சுங்காய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில். அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் காலியாகி, சனங்கள் ஆளுக்கொரு திசையாகச் சிதறிப் போனார்கள். எழுபத்திரண்டில் ஒரு நாள், பீடோர் பஸ் நிறுத்தத்தில் இருளாயி என்ற கிழவி, மூன்று நாளாகச் சோறு தண்ணீர் இல்லாமல், எப்போதோ இடித்துப்போட்ட லயத்துக்கு வழி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லூயிஸ் அவளை அடையாளம் கண்டு ஈப்போவில் மகன் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மகன் காலில் விழுந்தான். மருமகள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்கம்பக்கம் கூடி அழுதது. நடுவில் நின்ற லூயிஸும் அழுதார். அப்படியொரு சுகத்தை அவர் தம் கல்யாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை.

நல்ல காரியம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. வீட்டில் அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் ஒரு பழுப்பு நோட்டுப் புத்தகம் வந்து சேர்ந்தது. யார் கிடைத்தாலும் அவருடைய குடும்பத்தார் அதில் வரிசை எண்ணுக்கு நேராகக் கையெழுத்துப் போட வேண்டும். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோணியார். தொலைந்த ஆளுக்கு லூயிஸ். இருவரும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டதுபோலத்தான் அவர் பேசுவார்.

"ஊர்ல தொலைஞ்சவனெல்லாம் இவரு கண்ணுல படுறான்," என்பாள் அவர் மனைவி ரோசம்மா. "வீட்டுச் சாவி எங்கன்னு கேளுங்க, முழிப்பாரு. புத்தகத்துல நாலாவது நம்பர் என்னா தெரியுமா? ஆடு!"

"ஆட்டக் கோடு போட்டு அடிச்சிட்டேன்லா! அப்புறம்தான் சரியா எண்ணுறேன்," என்று லூயிஸ் கத்துவார்.

பிறகு நோட்டீஸ் வந்தது. ஈப்போவில் ஜெயபாலனின் சின்ன அச்சகத்தில் ஐந்நூறு அடிப்பார்கள். வாசகம் முழுவதும் லூயிஸின் சொந்தச் சரக்கு. 'காணவில்லை! காணவில்லை! ஐயகோ, கண்டீர்களா?' என்று தொடங்கி, பெயர், வயது, ஐசி எனப்படும் அடையாள அட்டையின் நம்பர், வீட்டு விலாசம், உடம்பில் எந்த மூலையில் என்ன மச்சம் என்பதுவரை போகும். பத்து காஜா என்ற ஊரில் ஒரு பதினெட்டு வயது இளைஞனைத் தேடியபோது, 'படுக்கையை நனைக்கும் வழக்கம் உடையவன்' என்று ஊரறிய அச்சடித்தார். இளைஞன் கிடைத்துவிட்டான். அதன் பிறகு வீட்டை விட்டு வெளியே வரத்தான் மறுத்துவிட்டான். இன்னொரு நோட்டீஸில், 'குடும்பமே தெருத்தெருவாய் அலைகிறது, வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது' என்று உருக்கமாக எழுதி, அடியில் விலாசத்தையும் போட்டார். இரக்கமுள்ள யாரோ ஒருவர் அந்த விலாசத்துக்குப் போய், வெறிச்சோடிக் கிடந்த வீட்டிலிருந்து ரேடியோவையும் பதினொரு கோழிகளையும் எடுத்துச் சென்றார்.

ஏழாவது ஆள், அப்பாவு. மருமகளிடம் சொல்லிக்கொள்ளாமல் லூமுட்டுக்குப் போய், பழைய கூட்டாளி ஒருவரோடு தூண்டில் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்த மனிதர். லூயிஸ் அவரைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பஸ்ஸில் ஏற்றினார்.

"டேய், நான் காணாமப் போகலடா. கெளம்பி வந்தேன்," என்றார் அப்பாவு.

"ஓடி வந்தவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க பெரியவரே," என்றார் லூயிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. மருமகள் கையெழுத்துப் போட்டாள். அப்பாவு செருப்பை உதறிவிட்டு உள்ளே போனார்.

எழுபத்தொன்பதில் கணக்கு ஒன்பதில் வந்து நின்றது. அந்த வருடம்தான் உள்ளூர்க் கட்சிக் கிளைத் தலைவர் லூயிஸின் தோளில் கை போட்டு, "பத்து பேரு கண்டுபிடிச்சேன்னு அத்தாட்சியோட காட்டுங்க லூயிஸ். சுல்தான் பொறந்தநாள் பதக்கத்துக்கு ஒங்க பேர எழுதி அனுப்பிடலாம். மாசக் கடைசிக்குள்ள லா," என்று சொல்லி வைத்தார். பதக்கம்! தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நெஞ்சில் பதக்கம்! லூயிஸ் கண்ணாடி முன் நின்று காக்கிச் சட்டையின் இடப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவிதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே லகாட்டிலிருந்து டொமினிக் வந்து சேர்ந்தான். ஈயம் தோண்டியெடுக்கும் பழைய ஈயலம்பத்தில் கூலி வேலை பார்ப்பவன். அவனுடைய தங்கை இருதயமேரியைக் காணவில்லை.

"எதுக்கு தம்பி போச்சி?" என்று ரோசம்மா கேட்டாள்.

"ஒரு எடம் பாத்தேங்க்கா. மாப்பிள்ளைக்கு வயசு கொஞ்சம் கூட. நாப்பத்தஞ்சு. மொத தாரம் தவறிடுச்சி. ஆனா நல்ல மனுசன்லா."

"தங்கச்சிக்கு என்னா வயசு?"

"இருபத்திரெண்டு."

"அப்ப காணாமப் போகல தம்பி. தப்பிச்சிப் போயிருக்கு."

"நீ சும்மா இரு!" என்று லூயிஸ் அதட்டினார். "படம் இருக்கா தம்பி?"

டொமினிக் துணிப்பையிலிருந்து ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தான். அந்தக் காலத்தில் கல்யாணப் படம் இல்லாத வீடு உண்டு. சாவுப் படம் இல்லாத வீடு கிடையாது. சவப்பெட்டியைத் தலைமாட்டில் சற்றே நிமிர்த்தி, இறந்தவர் முகம் தெரிய, உற்றார் உறவினர் அத்தனை பேரும் சுற்றி நின்று எடுத்துக்கொள்ளும் படம். நான்கு வருடத்துக்கு முன் டொமினிக்கின் அப்பா இறந்த அன்று எடுத்தது.

"வேற படமே இல்லண்ணே. தங்கச்சி பெட்டி பக்கத்துல நிக்கிது, பாருங்க. ஐசி நம்பரு பின்னால எழுதியிருக்கேன். ரெண்டு மணி பஸ்ஸ விட்டா எனக்கு வேலை போயிடும், நான் வாரேண்ணே." அவன் ஓடிவிட்டான்.

பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி, நேராகக் கேமராவைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. மற்றவள்? ஆகா! தலைமுடி அவிழ்ந்து தோளில் புரள, வாய் கோணி, கண்ணீர் கன்னத்தில் கோடு போட்டு மின்ன, இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி விரித்திருந்தாள். லூயிஸ் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். பெற்ற தகப்பன் பெட்டியில் கிடக்கும்போது கல்லாக நிற்பவள் மகளாக இருக்க முடியுமா? எழுத்தாணியால் எழுதியதுபோல் தெரிகிறதே, இவள்தான் இருதயமேரி! கத்திரிக்கோலை எடுத்தார். அழுகிற முகத்தை வட்டமாக வெட்டினார்.

"அவன்கிட்ட எதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள் ரோசம்மா.

"கண்ணீருக்கு சாட்சி வேணுமா?" என்றார் லூயிஸ்.

அச்சகத்தில் ஜெயபாலன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "அண்ணே, நெத்தியில கறுப்பா ஒரு புள்ளி இருக்கே."

"வேதக்காரப் பொண்ணுக்கு ஏதுப்பா பொட்டு? மை தெறிச்சிருக்கு. சொரண்டிடு."

ஜெயபாலன் சுரண்டினான். பிறகு வாசகத்தைப் படித்தான். 'சற்றே புத்தி பேதலித்த இந்தப் பேதைப் பெண், யாரோ ஒரு லாரிக்காரனின் தேனொழுகும் பேச்சில் மயங்கி, பாசமுள்ள அண்ணனை அநாதையாக விட்டுச் சென்றுவிட்டாள். கண்டவர்கள் அவளை விடாமல் பிடித்து வைத்துத் தகவல் தரவும்.'

"லாரிக்காரன்னு யாருண்ணே சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆனா ஒரு காரணம் வேணும்ல? சும்மா போயிட்டான்னு எழுதுனா எவன் மனசுல நிக்கும்?"

ஐந்நூறு நோட்டீஸும் மூன்றே நாளில் பேராக் மாநிலத்தின் பாதியைச் சுற்றி வந்துவிட்டன. ஒவ்வொரு கண்டக்டரிடமும் ஒரு கட்டு. கண்டக்டர் பயணியிடம் கொடுத்தான். பயணி கோப்பிக்கடையில் கொடுத்தார். கோப்பிக்கடைக்காரர் சுவரில் ஒட்டினார். கோயில், தேவாலயம், முடிவெட்டும் கடை என்று பாக்கியில்லை. கையில் வாங்கியவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். உச்சுக்கொட்டியவர்கள் எல்லாரும் அடுத்தவர் கையில் திணித்தார்கள். முழுக்கப் படித்தவர் ஒருவருமில்லை. அழுத முகம், லாரி, பிடி. இந்த மூன்றும் போதுமாயிருந்தது.

நான்காம் நாள் மத்தியானம் கம்பெனிக்குப் போன் வந்தது: "லூயிஸ் அண்ணன்கிட்ட சொல்லுங்க, பொண்ணு கெடச்சிட்டா! லகாட் பக்கம் லாரியிலேயே புடிச்சோம். பாலாய்ல உக்கார வச்சிருக்கோம்."

பாலாய் என்றால் போலீஸ் நிலையம். லூயிஸ் தலை வாரினார், நோட்டுப் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்தார், டொமினிக்குக்கு ஆள் அனுப்பினார், பஸ் ஏறினார். வழியெல்லாம் அண்ணனும் தங்கையும் கட்டிக்கொண்டு அழும் காட்சியை மனதுக்குள் மூன்று விதமாக நடத்திப் பார்த்தார். மூன்றாவது விதத்தில் சுல்தானே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிலையத்தின் வாசலில் இருபது பேர் கூட்டம். உள்ளே பெஞ்சில் சட்டை கிழிந்து, உதடு வீங்கிப்போய் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் அதே முகம். ஆனால் இப்போது அழவில்லை. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமப் பொட்டு.

டொமினிக் ஓடிவந்து எட்டிப் பார்த்தான். அவன் முகம் செத்துவிட்டது.

"அண்ணே, இது எங்க பக்கத்து லயத்து முத்தம்மா அக்கா! அது இவங்க வீட்டுக்காரரு பத்துமலை. எங்க மேரி இல்லண்ணே!"

"யாருய்யா இங்க லூயிஸு?" முத்தம்மா எழுந்தாள். கூட்டம் தானாக விலகி லூயிஸைக் காட்டிக்கொடுத்தது.

"என் புருசன் லாரியில என் புருசனோட போனேன்யா! அதுக்கு நடுரோட்டுல நிறுத்தி, கொமரிப் பொண்ணக் கடத்திட்டுப் போறானாம்னு அந்த மனுசன அடிச்சிருக்கானுங்க! கல்யாணம் பதிஞ்ச சுராட்டுக் கடுதாசி கொண்டாந்து காட்டுற வரைக்கும் என்னையும் பைத்தியம்னு உக்கார வச்சிட்டாங்க. நான் ஆயா வேலை பாக்குற பள்ளிக்கூடத்துல இந்த நோட்டீசப் பாத்துட்டு, விசயம் தீர்ற வரைக்கும் வராதன்னுட்டாங்க. நான் யாருக்குய்யா என்னா பண்ணேன்?"

"அம்மா, படத்துல நீங்க அப்படி அழுதிருந்தீங்க…"

"அழுதேன்! அந்தப் பெரியவரு எனக்கு அப்பா மாதிரி. அது என் அழுகை. அத வெட்டி எடுத்து ஊரு பூரா ஒட்டச் சொல்லி ஒனக்கு யாரு குடுத்தா?" அவள் குரல் திடீரென்று இறங்கியது. அதுதான் லூயிஸுக்கு அதிகம் பயமாக இருந்தது. "அதுகூடப் போகட்டும். எம் பொட்டு எங்கய்யா? புருசன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கையில, எம் பொட்ட அழிக்க நீ யாரு?"

இந்த இடத்தில் வேறு எந்த மனிதனும் காலில் விழுந்திருப்பான். லூயிஸ் என்ன செய்தார்? நோட்டுப் புத்தகத்தை விரித்து, கிழிந்த சட்டையோடு உட்கார்ந்திருந்த பத்துமலையிடம் நீட்டி, "அண்ணே, எப்படியோ ஒங்க சம்சாரம் பத்திரமா கெடச்சிட்டாங்க… ஒரு கையெழுத்து…" என்றார்.

பத்துமலை அவரை அடிக்கவில்லை. போலீஸ் நிலையமாக இருந்ததுதான் காரணம்.

வக்கீல் கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. ஈப்போவில் பஞ்சலிங்கம் என்ற யாழ்ப்பாணத்து வக்கீலை அறியாதவர் இல்லை. அதிர்ந்து பேசியதே கிடையாது. லூயிஸ் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு அவருடைய மேசை முன் நின்றார்.

"இரும்," என்றார் பஞ்சலிங்கம். நோட்டீஸை மேசையில் விரித்தார். "இதில உண்மை எண்டு ஒரு வசனம் காட்டும், பாப்பம்."

"பேரு உண்மைதான் சார்."

"ஓம். அந்தப் பேரும் இந்த முகத்துக்குச் சொந்தமில்லை. கலியாணம் முடிச்ச பொம்பிளையின்ர முகத்துக்குக் கீழ ஓடிப்போனவள், புத்தி சரியில்லாதவள் எண்டு ஐந்நூறு தரம் அச்சடிச்சிருக்கிறீர். அவதூறு. பிடிச்சு வைக்கச் சொல்லியிருக்கிறீர். அந்த மனுசன் வாங்கின அடிக்கு அதுதான் அத்திவாரம். மற்றப் பிள்ளையின்ர அடையாள அட்டை இலக்கத்தையும் விலாசத்தையும் கண்ட கண்ட ஆக்களின்ர கையில குடுத்திருக்கிறீர். காணேல்லை எண்டால் பொலிசில முறைப்பாடு குடுக்கிறது. குடுத்தீரோ?"

"இல்ல சார்."

"அந்தப் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயசு. தன்னைத் தேடச் சொல்லி அவ கேட்டவவோ? நீர் அவவைக் கேட்டனீரோ?"

"காணாமப் போனவங்கள எப்படி சார் கேக்க முடியும்?"

பஞ்சலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, அவரைப் பார்த்தார்.

வழக்கு வேண்டாமென்றால் முத்தம்மா சொல்வதைச் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு நேரில் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு மன்னிப்பு நோட்டீஸ் அடிக்க வேண்டும், அதே ஐந்நூறு. மேலே லூயிஸின் படம், கீழே அவருடைய முழுப் பெயர், ஐசி நம்பர், விலாசம், அங்க அடையாளம், செய்த தப்பு. பழைய நோட்டீஸ் ஒட்டிய இடத்திலெல்லாம் அவரே போய் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். முத்தம்மா வக்கீலிடம் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "எம் பொட்ட சொரண்டச் சொன்ன வாயிதானே? இப்ப கையால சொரண்டட்டும்."

"அங்க அடையாளம் எதுக்கு சார்?" என்று லூயிஸ் கெஞ்சிப் பார்த்தார்.

வீட்டில் ரோசம்மாதான் எழுதிக் கொடுத்தாள். "அடையாளம் இல்லாத நோட்டீஸ் எடுபடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? மேல் வரிசை பொய்ப்பல்லு. முடிக்கு மை. குடலிறக்கத்துக்கு ஆபரேசன் பண்ண தழும்பு. போதுமா, இன்னும் வேணுமா?"

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை முன் பத்து நிமிடம் நின்றார். முத்தம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பிறகு லூயிஸ் லீவு போட்டு, சுரண்டுவதற்கு ஒரு பழைய தோசைத் திருப்பியும் ஒரு வாளிக் கஞ்சிப் பசையுமாகத் தெற்கே கிளம்பினார். மாதக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள். பதக்க ஆசை அப்போதும் சாகவில்லை. கிளைத் தலைவர் காதுக்கு விஷயம் எட்டுவதற்குள் அந்த இருதயமேரி மட்டும் கிடைத்துவிட்டால்! நோட்டுப் புத்தகம் சட்டைக்குள்ளேயே இருந்தது.

சுங்காய் பஸ் நிறுத்தத்தில் மூன்றாவது நோட்டீஸை ஒட்டிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைப் பிடித்தது.

"இந்தா, இந்த ஆளுதான்! சுவத்துல படம் இருக்கு பாருங்க!"

ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். சுவரில் ஒரு முகம், அதன்கீழ் ஐசி நம்பர், அங்க அடையாளம். அதை வேறு என்னவென்று நினைப்பார்கள்? இப்படித்தான் நினைக்க வேண்டுமென்று ஏழு வருடமாகச் சனங்களைப் பழக்கி வைத்தவரே அவர்தான்.

"ஐயோ, அது மன்னிப்பு நோட்டீசு! படிச்சுப் பாருங்கய்யா!"

"பாவம், மனசு சரியில்ல போலருக்கு. தன் படத்த தானே ஒட்டிட்டுத் திரியிது," என்றாள் ஒரு பெண். "பல்லு பொய்ப்பல்லான்னு பாருங்கண்ணே."

பார்த்தார்கள்.

"நான் காணாமப் போகலய்யா!" பல் கழன்ற வாயால் லூயிஸ் கூவினார்.

"ஓடி வந்தவங்க எல்லாரும் அப்படித்தான் லா சொல்வாங்க," என்றார் டாக்சிக்காரர், இரக்கத்தோடு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு.

ஈப்போவில் வீட்டு வாசலில் டாக்சி நின்றபோது அக்கம்பக்கம் கூடிவிட்டது. லூயிஸ் காட்சி நடத்திப் பழகிய அதே கூட்டம். நான்கு பேர் பிடித்து இறக்கினார்கள். ரோசம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஆமா, எங்க வீட்டுக்காரருதான். எங்க கெடச்சாரு?"

"சுங்காய்ல அக்கா. கொஞ்சம் பிடிவாதம். பாத்துக்குங்க."

"ரொம்ப நன்றி தம்பி. எங்கயாச்சும் கையெழுத்துப் போடணுமா? பத்தாவது எடம் காலியாத்தான் இருக்கு." அவள் அவருடைய சட்டைக்குள் கை விட்டாள். லூயிஸ் நோட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அன்று அவர் வீட்டு வாசலில் நின்ற யாரும் அழவில்லை. சிலர் சிரித்து அழுததைச் சேர்க்க முடியாது.

கடைசியாக லூமுட். பங்கோர் தீவுக்குப் படகு புறப்படும் துறையில், டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்கு எதிரே இருந்த சுவரில் அழுத முகம் ஒன்று பாக்கியிருந்தது. லூயிஸ் துண்டால் முகத்தை மறைத்துக் கட்டிக்கொண்டு தோசைத் திருப்பியை எடுத்தார்.

"சொரண்டுங்க, சொரண்டுங்க. மூணு வாரமா அந்த மூஞ்சப் பாத்துக்கிட்டுத்தான் டிக்கெட்டு கிழிக்கிறேன்," என்றது கூண்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "லூயிஸ் செக்கர்தானே? பஸ் நிறுத்தத்துல ஒங்க புது நோட்டீச முழுசா படிச்சேன். முத்தம்மா அக்காகிட்ட நேர்ல மன்னிப்பு கேட்டாச்சா?"

லூயிஸ் திரும்பினார். கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி, நேராகப் பார்த்தது அந்த முகம். கத்திரிக்கோலுக்குத் தப்பிய முகம்.

"நீ… இருதயமேரி!"

"ஆமா. ஒங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். என் படம் போட்டிருந்தா அன்னிக்கே அண்ணனும் அந்த நாப்பத்தஞ்சு வயசுக்காரரும் இங்க வந்து நின்னிருப்பாங்க. இந்த எடத்துல ஆயிரம் பேரு என்னையப் பாத்துட்டுப் போனாங்க. ஒருத்தருக்கும் தெரியல."

"அப்பா செத்தன்னிக்கு நீ ஏம்மா அழல?" அதைத்தான் அவரால் முதலில் கேட்க முடிந்தது. அந்தக் கேள்வியில்தானே அவர் வாழ்க்கை கவிழ்ந்தது!

"ஆஸ்பத்திரியில அவரு பக்கத்துல உக்காந்து பதினாறு நாளு அழுதேன். பெட்டிக்கு முன்னால நின்னு கேமராவுக்கு அழணுமா?"

படகு ஒன்று ஊதியது. லூயிஸின் மனதில் பழைய நாடகம் எழுந்தது. ஒரு போன் போட்டால் போதும். டொமினிக் வருவான். தங்கச்சீ என்று கதறுவான். பத்தாவது கையெழுத்து. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. சட்டையின் இடப்பக்கம் கனத்தது. ஆனால் கூடவே பஞ்சலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் தெரிந்தது.

லூயிஸ் தம் ஆயுளில் முதல்முறையாக, காணாமல் போன ஒருவரிடம் கேட்டார்:

"அண்ணன்கிட்ட சொல்லவாம்மா?"

"வேணாம். நல்லாருக்கேன்னு கடுதாசி போட்டுட்டேன். விலாசம் போடல."

"அவன் அழுவுறான்மா."

"அழட்டும். எனக்கு யாரக் கட்டி வைக்கிறதுன்னு முடிவு பண்ணப்ப நானும்தான் அழுதேன். அப்ப யாரும் நோட்டீசு அடிக்கல."

லூயிஸ் சட்டைக்குள் கை விட்டார். கடைசியில் தயங்கித் தயங்கி நோட்டுப் புத்தகத்தைக் கூண்டின் துவாரம் வழியாக நீட்டினார். "ஒரு கையெழுத்தாச்சும்… யார்கிட்டயும் காட்ட மாட்டேன்."

அவள் ஒன்பது பெயர்களையும் படித்தாள். அடித்துவிட்ட ஆட்டைப் பார்த்து மட்டும் சிரித்தாள். பத்தாவது எண்ணுக்கு நேராக நிதானமாக எழுதித் திருப்பிக் கொடுத்தாள். 'நான் காணாமல் போகவில்லை. இருதயமேரி.'

அந்தப் பக்கத்தைக் கிளைத் தலைவரிடம் காட்ட முடியுமா? காட்டவில்லை. டொமினிக்கிடமும் சொல்லவில்லை. வழக்குக்குப் பயந்துதான் என்று ரோசம்மா சொல்வாள். அவள் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சுல்தான் பிறந்தநாளன்று, கட்சி மண்டபத்துக்கு நாற்காலிகள் வாங்கிக் கொடுத்த தவ்கே, ஒரு சீன முதலாளியின் நெஞ்சில் பதக்கம் ஏறியது. லூயிஸ் அன்று லூமுட் பஸ்ஸில் டிக்கெட் பார்த்தார்.

பின் இருக்கையில், மடியில் துணிப்பையும் காலடியில் தூண்டிலுமாக அப்பாவு உட்கார்ந்திருந்தார். செக்கரைப் பார்த்ததும் பெரியவர் தம் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

லூயிஸ் அவர் முகத்தைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் பெருமூச்சு பாதி வரை வந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

"வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

"இல்ல."

"டிக்கெட்டு?"

அப்பாவு நீட்டினார். லூயிஸ் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்குவதற்காகக் கம்பியைப் பிடித்தார்.

"டேய், இங்க வா," என்று அப்பாவு குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார். "ஒன்னயும் தேடுறாங்க போலருக்கே? கோப்பிக்கடையில நோட்டீசு பாத்தேன். பயப்படாத. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."